ஜனவரியில் மங்கோலியா: கெர் கூடாரத்தில் தங்கலாமா?

சேது_சியோல்

வணக்கம் மக்களே. எனக்கு சியோலில் வேலை. இங்கிருந்து மங்கோலியத் தலைநகர் உலான்பாதருக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேர விமானப் பயணம்தான். ஜனவரிக் கடைசியில் கொஞ்சம் விடுப்பு சேர்ந்திருக்கிறது. மனைவிக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை: பனிக்காலத்தில் அந்த வட்டக் கூடாரத்தில் தங்க வேண்டும். யுர்ட், கெர் என்றெல்லாம் சொல்வார்களே, அதுதான்.

ராத்திரியில் மைனஸ் 30 வரை போகுமாம். உள்ளே ஒரே ஒரு இரும்பு அடுப்பு. தூங்க முடியுமா? சுற்றுலா முகாம் நல்லதா, மேய்ப்பர் குடும்பத்தோடு தங்குவது நல்லதா? இன்னொன்று, மனைவி சுத்த சைவம். நான் முட்டை வரை வருவேன். ஓர் இணையதளத்தில் 'கழுகு வேட்டைக்காரரின் யுர்ட்டில் பனிக்காலத் தங்கல்' என்று ஒரு தொகுப்பு பார்த்தேன். படம் பிரமாதமாக இருந்தது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சந்தேகப்பிராணி

சியோல் ஜனவரியே மைனஸ் பத்து. அது போதாதென்று காசு கொடுத்து மைனஸ் முப்பதில் உறையப் போகிறீர்களா? நல்லா இருங்க சாமி.

நிலக்கரிக்காரன்

சேது, நான் அங்கே தெற்கு கோபி பாலைவனத்தில் சுரங்க வேலையில் இருந்தவன். விடுப்பு கிடைத்தால் உலான்பாதர், அங்கிருந்து நண்பர்களின் ஊர் என்று அலைந்திருக்கிறேன். கெர் அனுபவம் உண்டு, நல்ல ஜனவரியில்.

முதலில் கட்டுமானம். மடக்கி விரிக்கிற மரச் சட்டச் சுவர், அதன் மேல் குடைக்கம்பி போலப் போகும் கூரைக் கழிகள், உச்சியில் ஒரு மர வளையம். அதைத் தோனோ என்பார்கள். வெளியே ஆட்டு ரோமத்தை நனைத்து அழுத்திச் செய்த ஃபெல்ட். வெயில் காலத்தில் ஒரு அடுக்கு போதும், பனிக்காலத்தில் இரண்டு, சில வீடுகளில் மூன்று கூட. சுவரின் அடிப்பக்கத்தில் சுற்றிலும் ஒரு பட்டை கட்டி, அதன் மேல் மண்ணையோ பனியையோ அணைத்து வைப்பார்கள். அங்கே இடைவெளி இருந்தால் தரையோடு காற்று நுழைந்து காலைப் பிடிக்கும். முகாமுக்குப் போனதும் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்த அடிப்பட்டையைத்தான்.

இப்போது அடுப்பு. நடுவில் ஒரு தகரப் பெட்டி, அதிலிருந்து தோனோ வழியாக வெளியே போகும் குழாய். அதில் விறகு போட்டுப் பத்து நிமிடம் ஆனால் நீங்கள் ஸ்வெட்டரைக் கழற்றுவீர்கள். இன்னும் பத்து நிமிடத்தில் பனியனோடு உட்கார்ந்திருப்பீர்கள். அப்போதும் சுவரோரம் வைத்த பூட்ஸ் சில்லென்றுதான் இருக்கும். நின்றால் தலைக்கு வெயில் காலம், தரையில் கால் வைத்தால் மார்கழி. இதுதான் கெர்.

அப்புறம் தூங்கிவிடுவீர்கள். விறகு என்றால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் தணல். அதன் பிறகு வெப்பம் அந்த ஃபெல்ட் வழியாகப் படிப்படியாக இறங்காது, ஓடிப்போகும். விடிகாலையில் வாளித் தண்ணீரின் மேல் பனி ஏடு கட்டியிருக்கும். மூச்சு விட்ட இடத்தில் போர்வை விளிம்பு மொறமொறவென்று இருக்கும். ஆகவே முகாமில் முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: ராத்திரி மூன்று மணிக்கு அடுப்பில் விறகு போடுவது யார்? பனிக்காலத்தில் ஒழுங்காக நடக்கும் முகாம்களில் ஆள் வந்து போட்டுவிட்டுப் போவார். 'விறகு உள்ளேயே இருக்கும், நீங்களே போட்டுக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால், அந்த ஆள் நீங்கள்தான்.

மலர்விழி_ஈரோடு

அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. நாங்கள் தங்கியது தெரெல்ஜ் தேசியப் பூங்காவில். உலான்பாதரிலிருந்து 60, 70 கிலோமீட்டர் இருக்கும், தார்ச் சாலை. வழியிலிருந்து கொஞ்சம் விலகிப் போனால் அந்த 40 மீட்டர் உயர செங்கிஸ் கான் குதிரைச் சிலையையும் பார்த்துவிடலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு தெரெல்ஜ்தான் சரி. ஏதாவது உடம்புக்கு முடியாமல் போனால் அன்றைக்கே நகரத்துக்குத் திரும்பலாம்.

சேது சார், நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் மனைவி கேட்பார்: கழிப்பறை. சில முகாம்களில் தனிக் கட்டிடத்தில் சூடாக்கிய கழிப்பறை உண்டு. மேய்ப்பர் வீட்டில் என்றால் குழி, அதன் மேல் இரண்டு பலகை, கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அடுக்கடுக்காக மாட்டிக்கொண்டு போய் வருவது பெரிய வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தேநீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வறண்ட காற்றில் தண்ணீர் குடிக்காமலும் இருக்கக் கூடாது, பகலிலேயே நிறையக் குடித்துவிடுங்கள். குளியல் என்ற பேச்சே இல்லை. ஈரத் துணியால் துடைத்துக்கொள்வதுதான்.

தேங்காய் எண்ணெய் கொண்டுபோகாதீர்கள். கல்லாகிவிடும். பாட்டிலை அடுப்பருகே வைத்தால் உருகும், தலைக்குப் போவதற்குள் மறுபடி கல்.

பழைய_ஜவான்

தம்பி, நான் லடாக்கில் இருந்தவன், வேலூர்ப் பக்கம். கெர் பார்த்ததில்லை. ஆனால் மூடிய இடத்தில் அடுப்பு எரித்துத் தூங்குவது பற்றித் தெரியும். எங்களுக்கு புகாரி என்கிற மண்ணெண்ணெய் அடுப்பு. படுக்கப் போகும் முன் அதை அணைக்க வேண்டும், இது கட்டளை. எவ்வளவு குளிராக இருந்தாலும் சரி.

காரணம் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. புகை கண்ணைக் கரித்தால் எழுந்து ஓடுவோம், இது அப்படி எச்சரிக்காது. தலைவலி, குமட்டல், ஒரு மாதிரியான அசதி. 'பயணக் களைப்பு' என்று நினைத்துப் படுத்தால் எழுந்திருக்க மாட்டீர்கள். ஈர விறகு, சாம்பல் அடைத்த குழாய், குளிருக்குப் பயந்து காற்று வரும் வழியை எல்லாம் அடைப்பது, இவைதான் கொல்லும். பேட்டரியில் ஓடும் அலாரம் சின்னதாகக் கிடைக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள்.

நிலக்கரிக்காரன்

ஐயா சொல்வதை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். அங்கே இது நடந்திருக்கிறது. உலான்பாதரில் 2019 மே மாதம் பதப்படுத்தாத நிலக்கரி எரிப்பதைத் தடை செய்து, பதப்படுத்திய கரிக்கட்டி கொடுத்தார்கள். புகை குறைய வேண்டும் என்பது நல்ல நோக்கம். பழைய அடுப்பு, பழைய குழாய், புதுக் கரி. அந்தக் குளிர்காலத் தொடக்கத்திலேயே கார்பன் மோனாக்சைடில் ஆட்கள் இறந்தார்கள். பிறந்ததிலிருந்து கெர் அடுப்போடு வாழ்ந்தவர்களுக்கே அந்த நிலை.

தெரெல்ஜ் உயரம் ஊட்டியைவிடக் குறைவு. உயரத்தால் தலைவலி வர வாய்ப்பில்லை. ஆகவே ராத்திரியில் தலை வலித்தால் யோசிக்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வாருங்கள். குளிர் அப்புறம்.

தோனோவின் மேல் ஒரு சதுர மூடி இருக்கும், கயிறு கட்டி இழுத்து மூடலாம். ராத்திரி அதை எவ்வளவு இழுப்பது என்பதை முகாம்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் அந்தக் கயிற்றில் கை வைக்காதீர்கள்.

சேது_சியோல்

அடேயப்பா, அலாரம் இன்றைக்கே வாங்குகிறேன். நன்றி ஐயா.

எரிபொருள் பற்றி ஒரு சந்தேகம். சாணம் எரிப்பார்கள் என்று படித்தேன். மனைவி வாசனை தாங்க மாட்டாள்.

நிலக்கரிக்காரன்

தெரெல்ஜில் மலைச்சரிவெல்லாம் காடு, அங்கே விறகுதான். நகரத்துக்குப் பக்கத்தில் கரியும் உண்டு. மரமே இல்லாத புல்வெளியில்தான் சாணம். அதை அர்கல் என்பார்கள். நம்மூர் வறட்டி மாதிரிதான், ஆனால் தட்டுவதில்லை. மேய்ச்சல் நிலத்தில் மாடு போட்டது வெயிலில் அப்படியே காய்ந்து கிடக்கும், முதுகில் கூடை கட்டிக்கொண்டு பெரிய முட்கரண்டி மாதிரி ஒன்றால் வாரித் தோளுக்கு மேல் கூடைக்குள் எறிவார்கள். நன்றாகக் காய்ந்ததில் வாசனை கிடையாது. எடை காகிதம் மாதிரி. சட்டென்று பிடிக்கும், நல்ல சூடு, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு ராத்திரிக்கு மூட்டை மூட்டையாக வேண்டும். சாம்பலும் நிறைய. வீட்டம்மா காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை சாம்பல் வாருவது.

ஊர்சுற்றி

கழுகு வேட்டைக்காரர் தொகுப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன்.

கழுகு வேட்டைக்காரர்கள், அதாவது கழுகைப் பழக்கி வேட்டையாடுகிறவர்கள், பெரும்பாலும் கசாக் இனத்தவர், மேற்குக் கோடியில் பயான் உல்கி மாகாணம். அவர்களின் கூடாரம் மங்கோலியக் கெரைவிட உயரம், உள்ளே பூவேலைத் துணிகள் தொங்கும், கண்ணுக்கு விருந்து. ஆனால் அது கோடைக் கூடாரம். பனி விழத் தொடங்கினால் கசாக் குடும்பங்கள் மண்செங்கல் அல்லது கல் கட்டிய குளிர்கால வீட்டுக்குப் போய்விடுவார்கள். கழுகை வைத்து நரி வேட்டை நடப்பதோ பனிக்காலத்தில். ஆக, நிஜமான வேட்டைக்காரர் வீட்டில் ஜனவரியில் தங்கினால் தடித்த சுவர் வைத்த சின்ன வீட்டில்தான் படுப்பீர்கள். அந்தப் படத்தில் பனி, கழுகு, கூடாரம் மூன்றும் ஒன்றாக இருந்தால், படத்துக்காகக் கட்டியது என்று நான் நினைப்பேன். அதில் தப்பில்லை, தெரிந்து காசு கொடுத்தால் சரி. பிரபலமான கழுகுத் திருவிழாவும் அக்டோபர் தொடக்கத்தில் முடிந்துவிடும்.

அங்கே போக உலான்பாதரிலிருந்து உள்நாட்டு விமானம். பனிக்காலத்தில் அது ஒரு நாள் தள்ளிப்போனால் உங்கள் விடுப்பு கதி என்ன?

கேமரா வைத்திருந்தால்: வெளியிலிருந்து கெருக்குள் நுழைவதற்கு முன் அதை ஜிப் பையில் போட்டு மூடுங்கள். இல்லையென்றால் லென்ஸுக்குள் நீர் கோர்க்கும், மறுபடி வெளியே போனால் அதுவே பனி. கைப்பேசியை உள் சட்டைப் பையில் வையுங்கள். 60 சதவீதம் காட்டிக்கொண்டே செத்துவிடும்.

சந்தேகப்பிராணி

கேலி வேண்டாம், நிஜமாகவே கேட்கிறேன். உலான்பாதரில் பாதிச் சனம் கெர் குடியிருப்புகளில் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் இல்லை, கழிவு இணைப்பு இல்லை, ஜனவரியில் புகை நகரத்தையே மூடுகிறது. அவர்களுக்கு அது வேறு வழியில்லாத வீடு. அதே கூடாரத்தை நாம் 'பழமையான அனுபவம்' என்று காசு கட்டி ரசிப்பது கொஞ்சம் நெருடவில்லையா?

நிலக்கரிக்காரன்

கேள்வி நியாயம்தான். ஆனால் கெர் என்றாலே வறுமை என்பது சரியில்லை. புல்வெளியில் கெர் வைத்திருக்கிறவரிடம் ஆயிரம் தலை ஆடு, குதிரை, ஒரு லாரி, டிவி எல்லாம் இருக்கும். 2000-க்குப் பிறகு அரசு 'ஒரு லட்சம் சூரியக் கெர்' என்று ஒரு திட்டமே போட்டு மேய்ப்பர்களுக்கு சோலார் தகடு கொடுத்தது. வாசலில் அதைப் பார்ப்பீர்கள். கட்டிட வீடு வாங்க முடிந்தவர்களும் புல்வெளியில் கெரில்தான் இருப்பார்கள், ஏனென்றால் புல்லைத் தேடி வீடும் நகர வேண்டும். 2013-இல் கெர் கட்டும் கலையை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நகரத்தின் கதை வேறு. அங்கே கெர் நகர்வதில்லை. அங்கே இருப்பவர்களில் பலர் கால்நடை இழந்து வந்தவர்கள். ஜுட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், மந்தை மந்தையாகக் கால்நடையைக் கொல்லும் குளிர்காலம். கோடையில் மழை பொய்க்கும், புல் குறையும், ஆடு மெலியும். அதன் மேல் கனமான பனி. அல்லது நடுவில் ஒரு நாள் உருகி மறுபடி இறுகினால் நிலத்தின் மேல் இரும்புத் தகடு மாதிரி பனிக்கட்டி, குளம்பால் கிளற முடியாது. 2009-10 குளிர்காலத்தில் 80 லட்சத்துக்கும் மேல் கால்நடை செத்தது. 2023-24-இல் 70 லட்சத்துக்கும் மேல். அந்த நாட்டு மக்கள்தொகையே 35 லட்சம் சொச்சம்.

என் கருத்து: மேய்ப்பர் வீட்டில் தங்குவதானால் அந்த வருஷக் குளிர்காலம் எப்படி என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். ஜுட் என்றால் முகாமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ராத்திரி பகலாக மந்தையோடு மல்லுக்கட்டுகிற வீட்டில் நமக்குத் தேநீர் போட ஒரு ஆள் நிற்க வேண்டாம். நல்ல வருஷமென்றால் தாராளமாகப் போங்கள், பனிக்காலத்தில் கையில் வருகிற பணம் அவர்களுக்கு உதவும். மாவு, அரிசி, தேயிலை, சர்க்கரை, தலையில் மாட்டும் விளக்கு, இப்படிக் கொண்டுபோங்கள்.

சந்தேகப்பிராணி

சரி, இது ஒப்புக்கொள்ளக் கூடிய பதில்.

மட்டுறுத்துநர்

விசா கேள்விகளுக்குத் தனி இழை இருக்கிறது, இங்கே வந்த இரண்டை அங்கே நகர்த்திவிட்டேன்.

மலர்விழி_ஈரோடு

சைவம் பற்றி. நகரத்தில் சைவ உணவகங்கள் இருக்கின்றன, கவலை இல்லை. கெரில்தான் சிக்கல். குளிர்காலத்துக்கு வேண்டிய இறைச்சியை முன்பனியிலேயே அறுத்துச் சேமித்துவிடுவார்கள், வெளியே வைத்தாலே உறைந்து கிடக்கும். பால் பொருள் விருந்தெல்லாம் கோடையில். முகாமில் 'சைவம்' என்று சொன்னேன், ஆட்டிறைச்சியைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே நூடுல்ஸைக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் கணக்கில் அது சைவம்.

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அரிசி கொண்டுபோங்கள். அடுப்பின் மேல் மூடியைக் கழற்றினால் பாத்திரம் உட்காரும். சாதம் வடித்துவிடலாம். வீட்டுக்காரர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பால் ஊற்றி உப்புப் போட்ட தேநீர் தருவார்கள். முதல் வாய்க்கு மோர் மாதிரியும் இல்லாமல் டீ மாதிரியும் இல்லாமல் இருக்கும். மைனஸ் முப்பதிலிருந்து உள்ளே வந்து குடித்தால் பிடித்துப்போகும். சில வீட்டில் கொழுப்பும் சேர்ப்பார்கள், மனைவிக்காக முன்பே கேளுங்கள்.

ஊர்சுற்றி

மரியாதை விஷயங்கள் கொஞ்சம். வாசற்படியை மிதிக்கக் கூடாது, தாண்டி நுழையுங்கள். கதவு தெற்குப் பார்த்து இருக்கும், உயரம் குறைவு, தலை பத்திரம். நுழைந்ததும் இடது பக்கமாக, அதாவது மேற்கே போங்கள், விருந்தாளிப் பக்கம் அது. வாசலுக்கு எதிரே வடக்கு ஓரம் பெரியவர்களுக்கும் சாமிக்கும். நடுவில் நிற்கும் இரண்டு தூண்களுக்கு இடையே நடக்கக் கூடாது, அதன் வழியாகப் பொருளையும் நீட்டக் கூடாது. அடுப்பில் குப்பை, காகிதம், டிஷ்யூ போடாதீர்கள். நெருப்பு அவர்களுக்குச் சாமி. அடுப்பை நோக்கிக் கால் நீட்டாதீர்கள். கொடுப்பதை வலது கையில் வாங்குங்கள், இது நமக்குப் பழக்கம்தான்.

வெளியே நாய் இருக்கும். 'நோஹோய் ஹோர்' என்று தூரத்திலிருந்தே குரல் கொடுங்கள். நாயைப் பிடியுங்கள் என்று அர்த்தம். காலிங் பெல்லும் அதுதான்.

பழைய_ஜவான்

உடை. உடம்போடு ஒட்டியது பருத்தி கூடாது. வியர்வையை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு குளிரும். கம்பளி உள்ளாடை, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இறகு வைத்த கோட். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக. இறுக்கமான பூட்ஸில் இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் நிற்கும், விரல் போகும். வெறும் கையால் வெளியே இரும்புத் தாழ்ப்பாளைத் தொடாதீர்கள்.

தூக்கப்பை வாங்கும்போது அதில் போட்டிருக்கும் கடைசி எண்ணை நம்பாதீர்கள். 'எக்ஸ்ட்ரீம்' என்று போட்டிருப்பது உயிர் தங்கும் எல்லை, தூக்கம் வரும் எல்லை அல்ல. 'கம்ஃபர்ட்' எண்ணைப் பாருங்கள். முகாமில் போர்வை கொடுத்தாலும் தூக்கப்பை உங்களுடையது இருக்கட்டும்.

சேது_சியோல்

எல்லோருக்கும் பெரிய நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மனைவி மொத்த இழையையும் படித்துவிட்டு 'தேங்காய் எண்ணெயை எடுத்து வைத்துவிட்டேன்' என்றாள். கடைசியாக ஒன்று: ஜனவரிக் கடைசி சரிதானா, தள்ளிப் போடலாமா?

நிலக்கரிக்காரன்

அவர்களிடமே ஒரு கணக்கு இருக்கிறது, ஒன்பது ஒன்பதுகள். டிசம்பர் 22 வாக்கில் தொடங்கி ஒன்பது ஒன்பது நாளாக 81 நாள். முதல் ஒன்பதில் பாலில் வடித்த சாராயம் உறையும். இரண்டாவதில் இரட்டை வடிப்பும் உறையும். மூன்றாவதில் மூன்று வயதுக் காளையின் கொம்பு உறையும், நான்காவதில் நான்கு வயதுக் காளையின் கொம்பு. ஐந்தாவதில் வேகவைத்த சோறு உறையாது. ஆறாவதில் பனிக்கு நடுவே பாதை கருப்பாகத் தெரியும். ஏழாவதில் குன்றின் தலை தெரியும், எட்டாவதில் நிலம் ஈரமாகும், ஒன்பதாவதில் சூடு வந்துவிடும். சூடு என்றால் அவர்களுடைய சூடு.

நீங்கள் சொல்லும் ஜனவரிக் கடைசி, காளைக் கொம்பு முடிந்து சோற்றுக்கு மாறுகிற நேரம். பிப்ரவரிக் கடைசிக்குத் தள்ள முடிந்தால் வெயில் நேரமும் கூடும். டிசம்பர் கடைசியில் எட்டரைக்கு மேல்தான் சூரியன் வரும், ஐந்து மணிக்கு இருட்டு. பிப்ரவரியில் அவர்களின் சந்திரப் புத்தாண்டு வரும், அந்த நாட்களில் கடை, வண்டி எதுவும் சரியாகக் கிடைக்காது, தேதி பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் தொடக்கம் என்றால் வடக்கே ஹுவ்ஸ்குல் ஏரியில் பனித் திருவிழா. ஏரி மேலேயே வண்டி ஓடும்.

சேது_சியோல்

பிப்ரவரிக் கடைசிக்கு மாற்றிவிட்டேன், மேலாளர் ஒப்புக்கொண்டார். தெரெல்ஜ் முகாமில் இரண்டு இரவு, வழிகாட்டி சரி என்றால் மேய்ப்பர் வீட்டில் ஒன்று. முகாமுக்கு மின்னஞ்சல் போட்டு அந்த மூன்று மணிக் கேள்வியைக் கேட்டேன். 'ராத்திரி 12, 3, 6 மணிக்கு ஆள் வருவார், கதவைத் தாழிட வேண்டாம்' என்று பதில்.

மலர்விழி_ஈரோடு

நல்ல முகாம்! ஆனால் மனைவியிடம் முன்பே சொல்லிவையுங்கள் சார். நடுராத்திரியில் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு ஒரு ஆள் கையில் விறகோடு உள்ளே வந்து நின்றபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கெர் கொரியர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

பழைய_ஜவான்

அலாரத்தை அடுப்புக்கு மேலே தொங்கவிடாதீர்கள் தம்பி, சூட்டில் கெட்டுப்போகும். தலையணை உயரத்தில், சுவர்ச் சட்டத்தில் கட்டுங்கள். பேட்டரி புதிதாகப் போடுங்கள், லித்தியம் பேட்டரி. சாதா பேட்டரி குளிரில் படுத்துவிடும்.